மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் திட்டத்திலேயே செய்யும் தவறுகள்

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு அப்படியொன்றும் கடினமான நடை இல்லை. கயிறு, கூடாரம் எதுவும் வேண்டாம், பாதையும் தெளிவானது. அப்படியிருந்தும் பாதிப் பள்ளத்தாக்கைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் தேதியையோ நேரத்தையோ தப்பாகப் போட்டவர்கள் இவர்கள்.

தேசியப் பூங்காவான இந்தப் பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். இதைப் படித்துவிட்டு, கோடை விடுமுறையோடு சேர்த்து ஜூன் முதல் வாரத்துக்கு டிக்கெட் போடுகிறார்கள். அப்போது ஓடைகளில் பனி உறைந்து கிடக்கும். பூ அங்கொன்றும் இங்கொன்றும்தான். பூக்காடாக இருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. மழை கொட்டுவதும் அப்போதுதான். மழைக்குப் பயந்து செப்டம்பர் கடைசியில் போனால் வானம் தெளிந்திருக்கும், சிகரங்கள் தெரியும், ஆனால் செடிகள் மஞ்சளாகிப் பூ குறைந்திருக்கும். பூவா சிகரமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் போவதென்றால் கூடுதலாக இரண்டு நாள் கையில் வேண்டும். ரிஷிகேஷிலிருந்து மலையடிவாரத்து ஊரான கோவிந்த்காட் வரை சுமார் 270 கி.மீ. மண் சரிந்தால் அந்தச் சாலை சில மணி நேரமோ ஒரு முழு நாளோ அடைபடும். திரும்பி வந்த மறுநாளே டெல்லியில் விமானம் என்று வைப்பது வீண் சூதாட்டம்.

கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப் போகும். அங்கிருந்து காங்கரியாவுக்கு சுமார் 10 கி.மீ. நடை. கடைசி ஏற்றம்தான் மூச்சு வாங்கும். பள்ளத்தாக்கு, பக்கத்திலுள்ள சீக்கியப் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிப் இரண்டுக்கும் தங்குமிடம் காங்கரியாதான்.

பெரிய தவறு நடப்பது இங்கேதான். கோவிந்த்காட் சுமார் 1,800 மீட்டர், காங்கரியா 3,050, ஹேம்குண்ட் சாகிப் 4,300-க்கும் மேல். வந்து சேர்ந்த மறுநாள் காலையிலேயே ஹேம்குண்ட் ஏறினால், ஒரே நாள் இடைவெளியில் உடம்பை 2,500 மீட்டர் உயர்த்துகிறீர்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை எல்லாம் வரிசையாக வரும். முதலில் பள்ளத்தாக்கு, அதற்கு அடுத்த நாள் ஹேம்குண்ட் என்று வைத்தால் உடம்பு பழக ஒரு நாள் கிடைக்கும். வலி மாத்திரை போட்டுத் தலைவலியை அடக்கிக்கொண்டு மேலே ஏறுவது இன்னும் மோசம். எச்சரிக்கை மணியை நாமே நிறுத்துவது போல. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், ராத்திரியானாலும். உயரத்துக்கான மாத்திரை வேண்டுமென்றால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளத்தாக்கின் வாசல் காலை 7 மணிக்குத் திறக்கும். மாலை 5-க்குள் வெளியே வந்துவிட வேண்டும், உள்ளே தங்க முடியாது. பராட்டா வரும்வரை காத்திருந்து ஒன்பதரைக்குக் கிளம்புகிறவர்கள் புஷ்பவதி ஆற்றுப் பாலம் தாண்டி, ஏற்றம் முடிந்து, முதல் பூமேட்டிலேயே திரும்பிவிடுகிறார்கள். அதற்கப்புறம்தான் பள்ளத்தாக்கு அகன்று சமதளமாக விரிகிறது. சீக்கிரம் கிளம்ப இன்னொரு காரணமும் உண்டு: பனி உருகும் ஓடைகளில் மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும். காலையில் கல் மேல் கால் வைத்துத் தாண்டிய இடத்தில் திரும்பும்போது முழங்கால் நனையலாம். உள்ளே கடை கிடையாது, கோவேறு கழுதையும் விடமாட்டார்கள். மதியச் சாப்பாடும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் எடுத்துப் போங்கள். படத்துக்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்ட செடி அந்தக் குறுகிய கோடையில் மறுபடி தலை தூக்குவது கடினம்.

உடுப்பில் ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காங்கரியாவில் காயாது. பையின் வெளியுறையை மட்டும் நம்பினால் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். உள்ளே கனமான பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் துணிகளை வையுங்கள். புது ஷூவை ஊரிலேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்குங்கள். கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் ஷூ முனையில் இடித்தே நகம் கறுத்துப்போகும்.

புல்னா–காங்கரியா பாதையில் கோவேறு கழுதைகள் வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். காங்கரியாவில் சிக்னலை நம்பி இருக்க முடியாது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் தேவையான ரொக்கத்தை, கோவிந்த்காட்டுக்கு முன்னால் வழியில் வரும் ஜோஷிமட்டிலேயே எடுத்துவிடுங்கள்.