அவசரப் பைக்குச் சின்ன காம்பஸ்: வாங்கும்முன் முள்ளை ஆட்டிப் பாருங்கள்

ஒரே தட்டில் கிடக்கும் பத்து பட்டன் காம்பஸ்களை, அதாவது பொத்தான் அளவே உள்ள திசைகாட்டிகளைப் பார்த்தால், பத்தும் பத்துத் திசையைக் காட்டும். பாதி பழுது என்று தோன்றும். அப்படியல்ல, பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் ஒன்றின் முள்ளை இன்னொன்று இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பெரும்பாலானவை ஒழுங்குக்கு வந்துவிடும். அப்போதும் அடம்பிடிப்பதை ஒதுக்கிவிடுங்கள். ஒரே கம்பெனி, ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டில்கூட ஒன்று சரியாக இருக்கும், மற்றதில் முள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட, கையில் எடுத்துச் சோதித்து வாங்குவதே நல்லது.

முதலில், இவ்வளவு சின்னக் கருவியிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுவிடலாம். 20 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 63 மி.மீ. அதில் 10 டிகிரிக்குக் கிடைக்கும் இடம் 1.7 மி.மீ. பதற்றத்தில், மங்கலான வெளிச்சத்தில் படிக்கும்போது 5 முதல் 10 டிகிரி வரை பிசகு சாதாரணம். 10 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் நடந்து முடிக்கும்போது சுமார் 175 மீட்டர் விலகியிருப்பீர்கள். ஆகவே ஒரு கூடாரத்தையோ கிணற்றையோ இதை வைத்துக் குறிபார்த்துப் போக முடியாது. சாலை, ஆறு, கடற்கரை, மின்கம்பி வரிசை போல நீளமாகக் கிடக்கும் ஒன்றை நோக்கி நேராக நடக்க இது தாராளமாகப் போதும்.

அந்த ‘நேராக’ என்பது சின்ன விஷயமில்லை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், காட்டிலும் பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியனோ நிலாவோ தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனவர்கள், அது மறைந்ததும் வட்டமடித்து, தாங்கள் நடந்த தடத்தையே மறுபடி கடந்தார்கள். தங்களுக்கு அது தெரியவும் இல்லை. மேகம் மூடிய நாளில் அந்த வட்டத்தை உடைப்பதுதான் பட்டன் காம்பஸின் வேலை.

அளவுக்கு வருவோம். கடைகளில் அதிகம் கிடைப்பவை 14 மி.மீ., 20 மி.மீ., அதற்கு மேல் 25 மி.மீ. அளவுகள். 14 மி.மீ. தட்டில் எட்டுத் திசைகளைப் பிரித்தறியலாம், அவ்வளவுதான். அதை இரண்டாவது காம்பஸாக வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைக்கு 20 மி.மீ. அல்லது அதற்கு மேல். பையில் இடமும், கையில் வரைபடமும் இருந்தால் வரைபடத்தின் மேல் வைக்கத் தட்டையான அடித்தட்டு உள்ள சாதாரண காம்பஸே மேல். அதன் கனம் ஒரு சோப்புக்கட்டிகூட வராது.

விட்டத்தைப் பார்ப்பவர்கள் தடிமனைப் பார்ப்பதில்லை. 5 மி.மீ.க்கும் மெலிதான காம்பஸில் முள் சாய இடமே இருக்காது. உள்ளங்கை சற்றுச் சரிந்தாலும் முள் கண்ணாடியில் உரசி நின்றுவிடும். நின்ற இடத்தையே வடக்கு என்று நம்பி நடப்போம். 8 முதல் 11 மி.மீ. தடிமன் இருந்தால் நிம்மதி.

உள்ளே திரவம் நிரப்பியதையே எடுங்கள். திரவம் முள்ளின் ஆட்டத்தை அடக்கி நான்கைந்து விநாடியில் நிறுத்திவிடும். திரவம் இல்லாததில் முள் தள்ளாடிக்கொண்டே இருக்கும். ஈரம் புகுந்தால் கண்ணாடியின் உள்பக்கம் பனித்து எழுத்தே தெரியாது. திரவத்துக்குள் குமிழி தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். குளிரிலும் உயரமான இடங்களிலும் சின்னக் குமிழி வரும், கீழே இறங்கினால் மறையும். சாதாரண அறையில் வைத்தும் மறையாமல் வாரத்துக்கு வாரம் பெரிதாகும் குமிழிக்கு ஒரே அர்த்தம், கசிவு. வெயிலில் பூட்டிய காருக்குள் மாதக்கணக்கில் கிடப்பவற்றில் இது அதிகம்.

முள் சுழலும் வகை, திசை எழுத்துகள் உள்ள தட்டே சுழலும் வகை என்று இரண்டு உண்டு. சின்ன அளவில் தட்டு சுழல்வது வசதி: வடக்கு, கிழக்கு எல்லாம் தானாகத் தன் இடத்தில் போய் நிற்கும், நீங்கள் பார்க்கும் பக்கத்தில் உள்ள எழுத்தைப் படித்தால் முடிந்தது. முள் வகையில் காம்பஸின் உடலைத் திருப்பி ‘வ’ அல்லது ‘N’ எழுத்தை முள்ளோடு பொருத்த வேண்டும்; முள்ளின் எந்த முனை வடக்கு என்ற சந்தேகம் வந்தால் நேர் எதிர்த்திசையில் போய்விடுவோம். முள் வகை வாங்கினால் வடக்கு முனை நிறத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதனுடனேயே வையுங்கள்.

சோதனை முறை

மரமேசை நல்லது. இரும்புக் கால் மேசை, கண்ணாடிப் பெட்டியின் எஃகுச் சட்டம், கான்கிரீட்டுக்குள் கம்பி ஓடும் தரை எல்லாம் முள்ளை இழுக்கும். போனைப் பையோடு தள்ளி வையுங்கள்.

1. காம்பஸை மட்டமாக வைத்து, முள் நின்றதும் அதன் முனை நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. ஓர் இரும்புச் சாவியையோ சிறு கத்தியையோ (பித்தளைச் சாவி முள்ளை இழுக்காது) வலப்பக்கமாகக் கிட்டே கொண்டுவந்து முள்ளை 40 டிகிரி அளவுக்கு இழுங்கள். சட்டென எடுத்துவிடுங்கள். முள் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.
3. இடப்பக்கமிருந்தும் அதேபோல். இரண்டு தடவையும் நின்ற இடங்களுக்கிடையே 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், முள் உட்காரும் ஊசிமுனை மழுங்கிவிட்டது என்று பொருள். வேண்டாம்.
4. காம்பஸை மெதுவாகக் கால் வட்டம், அரை வட்டம் என்று திருப்புங்கள். முள் உடலோடு சேர்ந்து இழுபட்டுப் போகக்கூடாது.
5. 10 டிகிரி சாய்த்துப் பிடித்து மறுபடி திருப்புங்கள். இங்கேதான் மலிவானவை பெரும்பாலும் தோற்கும்.
6. கடைசியாக, அது காட்டுவது வடக்குதானா? மாலைச் சூரியன் உங்கள் இடப்பக்கம் இருந்தால் முகத்துக்கு நேரே உள்ளது வடக்குப் பக்கம். முள் முதுகுப்பக்கம் காட்டினால் அதன் துருவம் தலைகீழாகிவிட்டது.

விரலால் தட்டினால்தான் முள் நகர்கிறது, தட்டிய பிறகு சரியான இடத்துக்கு வருகிறது என்றால்? வீட்டில் வைத்துப் பழகலாம், உயிர்காக்கும் பையில் வைக்கக்கூடாது.

பல வேலை செய்யும் பொருள்களில் ஒட்டிவரும் காம்பஸ்கள் பற்றி ஒரு வார்த்தை. கயிற்றுக் கைப்பட்டையின் கொக்கியில் காம்பஸ் இருக்கும். அதே கொக்கியில், ஒரு சென்டிமீட்டர்கூடத் தள்ளியில்லாமல், தீப்பொறி தட்டும் எஃகுத் தகடும் இருக்கும். முள் வாழ்நாள் முழுக்க அந்தத் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கத்திப் பிடியின் மூடியில் பதித்த காம்பஸும் அதே கதை, மூடியைக் கழற்றித் தள்ளிப்போய்ப் பார்த்தாலொழிய. முழுக்கப் பிளாஸ்டிக்கான விசிலில் உள்ளது பரவாயில்லை. அதற்கும் மேலே சொன்ன சோதனை உண்டு.

பூமியின் காந்தப்புலம் காந்த நடுக்கோட்டருகே கிடையாக ஓடும். துருவங்களை நெருங்க நெருங்க நிலத்துக்குள் சரியும். இதைக் காந்தச் சரிவு என்பார்கள். முள் அதன் பின்னால் தலைகுனியாமலிருக்க மறுமுனையில் சிறு எடை சேர்த்துத் தயாரிக்கிறார்கள், எந்த மண்டலத்துக்கு என்று பார்த்து. வட ஐரோப்பாவுக்காகச் சமன்செய்ததை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனால் முள்ளின் ஒரு முனை காம்பஸின் அடியில் உரசும். பயன்படுத்தப்போகும் பகுதியிலேயே வாங்கினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

காந்த ஒதுக்கம், அதாவது உண்மை வடக்குக்கும் முள் காட்டும் வடக்குக்கும் உள்ள கோணம், வரைபடத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் தொந்தரவு. சாலையிலிருந்து இறங்கும்போதே இதே காம்பஸைப் பார்த்து, ‘நான் கிழக்கே போகிறேன், சாலை எனக்கு மேற்கே’ என்று மனதில் குறித்துக்கொண்டால், திரும்பும்போது ஒதுக்கத்தைக் கணக்கிடத் தேவையில்லை. இதைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டு, வழி தவறிய பின் காம்பஸை எடுத்தால், வடக்கு எது என்று தெரியும், வீடு எந்தப் பக்கம் என்று தெரியாது.

இருளில் ஒளிரும் பூச்சு இருந்தால் நல்லது. ஒரு நிமிடம் டார்ச் அடித்தால் சிறிது நேரம் தெரியும். டார்ச்சின் அடியில் காந்தம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பலவற்றில் உண்டு. டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு வைத்தவை தானாக ஒளிரும், ஆனால் அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 ஆண்டு, பழையதை வாங்கினால் வெளிச்சம் பாதிகூட இருக்காது.

பையில் வைக்கும் இடம் முக்கியம். சின்ன முள்ளின் காந்தம் பலவீனமானது. போன், இயர்பட் பெட்டி, காந்தப் பூட்டுள்ள உறை, ஸ்பீக்கர் இவற்றோடு ஒட்டிக் கிடந்தால் துருவம் தலைகீழாகலாம். வலுவான காந்தத்தால் தேய்த்துத் திருப்பிவிட முடியும் என்றாலும், அப்படித் திரும்பியதை அவசரப் பைக்கு நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள். தகரப் பெட்டிக்குள் கத்தி, தூண்டில் முள், ஊசி எல்லாவற்றோடும் சேர்த்து வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மெல்லிய நூல்கயிற்றில் கோத்துக் கழுத்திலோ சட்டைப் பையிலோ தனியாக வைத்தால், பை தொலைந்தாலும் காம்பஸ் இருக்கும். படிக்கும்போது போன் 30 செ.மீ. தள்ளி, கார் 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பையில் உள்ள மாத்திரைகளின் காலாவதித் தேதியைப் பார்க்கும் நாளில், சாவியை எடுத்து மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது சோதனையைச் செய்துவிடுங்கள். அரை நிமிட வேலை.