என்கிளெக்ஸ் எழுதப்போற நம்ம ஊரு நர்ஸ்களுக்கு: பேப்பர் வேலைல இருந்து ரிசல்ட் வர்ற வரைக்கும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் நர்சிங் முடிச்சிட்டு அமெரிக்கா போகணும்னு நினைக்கிறவங்க நிறைய பேரு என்கிளெக்ஸ், அதாவது அங்க நர்ஸ் லைசென்ஸ் வாங்க எழுதுற எக்ஸாமுக்கு எங்க ஆரம்பிக்கணும்னு கேக்குறாங்க, அதனால முதல்ல இருந்தே எழுதுறேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுறேன், வாட்ஸப் குரூப்ல அவங்க சொன்னாங்க இவங்க சொன்னாங்கன்னு வர்றதை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. இந்த எக்ஸாமுக்கு எல்லாத்துக்கும் எழுதி வச்ச விதி இருக்கு, அதை படிச்சாலே பாதி பயம் போயிரும்.

ஸ்டெப் 1: பேரு

படிக்கிறதுக்கு முன்னாடி இதைத்தான் பாக்கணும். நம்ம சர்டிபிகேட்ல எல்லாம் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா சர்நேம்னு இருக்கும், கல்யாணம் ஆனவங்கன்னா வீட்டுக்காரர் பேரு வந்திருக்கும். எக்ஸாம் சென்டர்ல பாஸ்போர்ட்டைத்தான் காட்டப்போறீங்க, அதுல இருக்கிற பேரும் நீங்க ரிஜிஸ்டர் பண்ண பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இல்லைன்னா உள்ள விடமாட்டாங்க, கட்டுன பணமும் போயிரும். அதனால மாத்த வேண்டியது இருந்தா பாஸ்போர்ட்டை முதல்ல சரி பண்ணிட்டு அப்புறம் எல்லா ஃபார்ம்லயும் அதே பேரை போடுங்க.

ஸ்டெப் 2: ஸ்டேட், பேப்பர், பணம்

அமெரிக்கால ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் தனி நர்சிங் போர்டு, லைசென்ஸ் தர்றது அவங்கதான். சில ஸ்டேட் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அமெரிக்க அரசு ஆளுக்கு ஆள் தர்ற நம்பர்) இல்லாம லைசென்ஸ் தராது, சிலது இங்கிலீஷ் டெஸ்ட்டை முன்னாடியே கேக்கும். எந்த ஸ்டேட்னு முடிவு பண்ண அந்த போர்டோட வெப்சைட்டையே படிங்க, ஏஜென்ட் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க.

நிறைய போர்டு, வெளிநாட்டு நர்ஸ்களோட சர்டிபிகேட்டை சரிபார்க்கிற சிஜிஎஃப்என்எஸ்ங்கிற அமைப்பு மூலமா உங்க படிப்பை சரிபார்க்கச் சொல்லும், இப்ப அதுக்கு ட்ரூமெரிட்னு பேரு. அங்க உங்க காலேஜே டிரான்ஸ்கிரிப்டை (படிச்ச பாடம், மார்க் விவரம்) நேரா அனுப்பணும், தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் உங்க ரிஜிஸ்ட்ரேஷனை நேரா உறுதிப்படுத்தணும், நம்ம கையால அனுப்பினா செல்லாது. ரொம்ப நேரம் பிடிக்கிறது இதுதான், காலேஜ் ஆபீஸ்ல ஃபார்ம் குடுத்துட்டு வந்துட்டா தானா நகராது, மரியாதையா ஆனா விடாம போய் கேட்டுக்கிட்டே இருங்க.

எக்ஸாமை நடத்துற கம்பெனி பியர்சன் வியூ, அங்க எக்ஸாம் ஃபீஸ் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளிய எழுதுறதுக்கு இன்னும் 150 டாலர், வரி தனி. ரெண்டும் சேர்ந்து முப்பதாயிரம் ரூபா பக்கம் வரும். கார்டுல வெளிநாட்டு டிரான்ஸாக்‌ஷன் ஆன் ஆகி இருக்கான்னு பாத்துக்கங்க. போர்டு ஓகே சொன்னதும் ஏடிடின்னு எக்ஸாம் எழுத அனுமதி குடுக்கிற ஒரு மெயில் வரும், அதுல போட்டிருக்கிற தேதிக்குள்ள எழுதியே ஆகணும், அதனால வந்த அன்னைக்கே ஸ்லாட் புக் பண்ணிடுங்க.

ஸ்டெப் 3: படிக்கிறது

நம்ம யுனிவர்சிட்டி எக்ஸாம்ல டெஃபனிஷன், காசஸ், மேனேஜ்மென்ட்னு பக்கம் பக்கமா எழுதி பழகிட்டோம். என்கிளெக்ஸ் அதை கேக்காது, "நீ முதல்ல என்ன செய்வ"ன்னு கேக்கும். பிளட் ஏத்திட்டு இருக்கும்போது பேஷன்ட்டுக்கு குளிர் நடுக்கம், இடுப்பு வலி வருதுன்னு வைங்க. நம்ம வார்டுல பழக்கம் டாக்டர்ட்ட ஓடுறதுதான். ஆனா முதல் வேலை பிளட்டை நிறுத்துறது, அப்புறம் புது டியூப்ல நார்மல் சலைன் போட்டு லைனை திறந்து வைக்கிறது, அதுக்கப்புறம்தான் டாக்டர். நீங்க நகர்ற அந்த ரெண்டு நிமிஷத்துல பேஷன்ட்டுக்கு என்ன ஆகும்னு யோசிச்சா பதில் தன்னால வரும், இப்படி யோசிக்க பழகுறதுதான் உண்மையான படிப்பு.

மருந்து பேரையும் மாத்தி பழகணும். நம்ம பாராசிட்டமால் அங்க அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால், பெத்திடின் மெப்பெரிடின். ஜுரம் ஃபாரன்ஹீட்ல, வெயிட் பவுண்டுல வந்தாலும் முழிக்கக்கூடாது.

2023 ஏப்ரல்ல இருந்து புது முறை, ஒரு பேஷன்ட்டோட நோட்ஸ், லேப் எல்லாம் குடுத்து ஆறு ஆறு கேள்வியா மூணு கேஸ் ஸ்டடி வரும். பல பதில் சரின்னு வர்ற கேள்விக்கு இப்ப சரியா போட்ட அளவுக்கு மார்க் உண்டு, ஆனா தப்பானதை டிக் பண்ணா கழிச்சுருவாங்க, அதனால எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்தையும் தட்டாதீங்க.

ஸ்டெப் 4: எக்ஸாம் அன்னைக்கு

நமக்கு சென்னைல சென்டர் இருக்கு. அன்னைக்கே போய் இறங்கி எழுதலாம்னு நினைக்காதீங்க, முதல் நாள் காலைல பல்லவன் எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டா மதியம் எழும்பூர், சாயங்காலமே சென்டரை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம். பிள்ளையார்பட்டிக்கு போறவங்க அதுக்கு முந்தின வாரமே போயிட்டு வந்துடுங்க, கடைசி நாள் அலைச்சல் வேணாம்.

அரை மணி நேரம் முன்னாடி இருக்கணும். உள்ளங்கையை ஸ்கேன் பண்ணுவாங்க, போட்டோ எடுப்பாங்க, போனை சீல் வச்ச பையில போட்டுடுவாங்க. மொத்தம் அஞ்சு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஆனதும் ஒரு பிரேக், மூணரைல இன்னொண்ணு, பிரேக் நேரமும் அந்த அஞ்சுக்குள்ளதான். ஒரு கேள்விக்கு பதில் போட்டு அடுத்ததுக்கு போயிட்டா திரும்ப வரமுடியாது.

கேள்வி கஷ்டமாகிட்டே போற மாதிரி இருக்கும், பாதிக்கு மேல தப்புன்னு மனசு சொல்லும். அது சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம், ஏன்னா நீங்க சரியா போட்டா கம்ப்யூட்டர் கஷ்டமானது குடுக்கும், தப்பா போட்டா கொஞ்சம் லேசானது குடுக்கும், உங்க அளவு எதுன்னு தேடிக்கிட்டே இருக்கும். குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150. நீங்க பாஸ் கோட்டுக்கு மேலயா கீழயான்னு 95 சதவீதம் உறுதியானதும் ஸ்கிரீன் அணைஞ்சிரும்.

ஸ்டெப் 5: காத்திருக்கிறது

85ல நின்னா பாஸ், 150 வரைக்கும் போனா ஃபெயில்னு யாராவது சொல்வாங்க, ரெண்டும் பொய். 85ல நின்னு ஃபெயிலானவங்களும் உண்டு, 150 எழுதி பாஸானவங்களும் உண்டு. திரும்ப ரிஜிஸ்டர் பண்ணி பாத்தா ரிசல்ட் தெரியும்னு ஒரு டிரிக் சுத்துது, அது ரிசல்ட் கிடையாது, பணம் வேற மாட்டிக்கும், தொடாதீங்க.

உங்க போர்டு குவிக் ரிசல்ட் தர்ற போர்டா இருந்தா ரெண்டு வேலை நாள் கழிச்சு 7.95 டாலர் கட்டி பாக்கலாம், அது அஃபிஷியல் இல்ல. அஃபிஷியலா போர்டுதான் சொல்லும், ஆறு வாரம் வரைக்கும் ஆகலாம். சென்டர்ல யாருக்கும் தெரியாது, போன் பண்ணி பிரயோஜனம் இல்ல.

இதை வீட்லயும் முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. இல்லைன்னா அப்பத்தால இருந்து எதிர் வீட்டு ஆச்சி வரைக்கும் "என்னத்தா, பாஸாயிட்டியா"ன்னு தினம் கேப்பாங்க, அவங்க பாசமாத்தான் கேக்குறாங்க ஆனா கேட்டு கேட்டு நமக்கு சோறு இறங்காது. இருக்கிற டியூட்டியை விட்டுடாதீங்க, வார்டுல நின்னா நேரம் போயிரும், கை பழக்கமும் விடாது.

ஃபெயில்னு வந்தா கூடவே ஒரு ரிப்போர்ட் அனுப்புவாங்க, எந்த பகுதில கோட்டுக்கு மேல, பக்கத்துல, கீழன்னு பிரிச்சு இருக்கும். கீழன்னு இருக்கிறதுல இருந்து ஆரம்பிங்க, 45 நாள் கழிச்சு மறுபடி எழுதலாம். பாஸ்னு வந்துட்டா அடுத்து விசாஸ்க்ரீன், அதாவது நர்ஸா விசா வாங்க கேக்குற சர்டிபிகேட், அதுக்கு இங்கிலீஷ் டெஸ்ட் ஸ்கோர் வேணும், காத்திருக்கிற அந்த வாரங்கள்லயே அதுக்கு படிக்க ஆரம்பிச்சிடுங்க.