அரிசி குடோனைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

அரிசி, பருப்பு குடோனைப் புதிதாக வாடகைக்கு எடுப்பவர்களும், அங்கே சூப்பர்வைசராகச் சேர்பவர்களும் முதலில் கேட்பது, “கூட்டுறதுக்கு எத்தனை ஆள் போடணும்?” என்றுதான். ஆள் கணக்கை அப்புறம் பார்க்கலாம். மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தால் பத்துப் பேர் வந்தாலும் அந்த மூலை சுத்தமாகாது. விளக்குமாறு நுழைய வழியே இருக்காது. எலி மட்டும் தாராளமாக நுழையும்.

செங்குன்றம், காங்கேயம், விருதுநகர் பக்கம் பார்க்கிற மாதிரியான நடுத்தர குடோன் ஒன்றை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்: சிமெண்ட் தரை, மேலே ஷீட், இரண்டு ஷட்டர், வெளியே லாரி நிற்க ஒரு மேடை. ரேக், போர்க்லிப்ட் எல்லாம் உள்ள பெரிய கிடங்குகளில் கருவிகள் வேறாக இருக்கும். வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

1. முதலில் இடைவெளி

குடோன் காலியாக இருக்கும்போதே தரையில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். சுவரிலிருந்து குறைந்தது இரண்டடி, முடிந்தால் இரண்டரை அடி தள்ளித்தான் அட்டி (மூட்டை அடுக்கு) தொடங்க வேண்டும். இரண்டு அட்டிகளுக்கு நடுவிலும் ஓர் ஆள் குனிந்து கூட்டும் அளவுக்கு வழி வேண்டும். இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் ஓர் அட்டி 30 அடி நீளம், 20 அடி அகலம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் குடோன் சின்னதாக இருந்தால் அட்டியையும் சின்னதாகப் போடலாம், வழியை மட்டும் குறைக்கக் கூடாது. “இன்னும் நாற்பது மூட்டை பிடிக்குமே” என்று முதலாளி சொல்வார். அந்த நாற்பது மூட்டைக்காக விட்டுக்கொடுத்த வழியில்தான் முதல் வண்டு கிளம்பும்.

மூட்டை நேராகத் தரையில் உட்காரக் கூடாது. சிமெண்ட் தரை அடியிலிருந்து ஈரத்தை இழுக்கும், அடி மூட்டை பூஞ்சை பிடித்துக் கட்டியாகிவிடும். மரச்சட்டமோ பிளாஸ்டிக் பேலட்டோ போட்டு நாலைந்து அங்குலம் உயர்த்துங்கள். மரச்சட்டம் வாங்கினால் ஆணி துருத்திக்கொண்டு இருக்கிறதா, மரத்தில் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். துளை இருந்தால் உள்ளே ஏற்கெனவே ஒரு குடித்தனம் இருக்கிறது. மேலே ஷீட்டுக்கும் கடைசி வரி மூட்டைக்கும் நடுவில் மூன்றடியாவது விடுங்கள். கோடையில் ஷீட்டின் சூடு நேராக அரிசியில் இறங்காது, மேலே ஏறிக் கூட்டவும் இடம் இருக்கும்.

2. கருவிகள்

பெரிய செலவு இல்லை. நீளக் கம்பு மாட்டிய ஒட்டடைக் குச்சி, தரைக்குத் தென்னை விளக்குமாறு, மூட்டைப் பக்கங்களுக்கு மென்மையான பிரஷ், சிந்திய அரிசி சலிக்க ஒரு சல்லடை, மூடி போட்ட டிரம் இரண்டு, ஆளுக்கு ஒரு என்-95 மாஸ்க். தொழிற்சாலை வேக்குவம் கிளீனர் வாங்க முடிந்தால் வாங்குங்கள், அதற்கு ஈடு வேறு இல்லை. காற்று அடிக்கும் புளோயரை மட்டும் உள்ளே விடாதீர்கள். அது தூசியை எடுப்பதில்லை, ஓர் அட்டியிலிருந்து கிளப்பி அடுத்த அட்டியின் மேல் உட்கார வைக்கிறது. அதோடு வண்டும் முட்டையும் போகும்.

3. தினசரிக் கூட்டல்

லாரி வருவதற்கு முன் ஒருமுறை, கடைசி லாரி போன பிறகு ஒருமுறை. பல இடங்களில் காலையில் மட்டும் கூட்டுகிறார்கள். எனக்குச் சாயங்காலக் கூட்டல்தான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் எலி ராத்திரியில்தான் வெளியே வரும். தரையில் சிந்தல் இல்லாவிட்டால் அதற்கு உங்கள் குடோனில் வேலை கொஞ்சம் குறைவு.

கூட்டும் திசையும் முக்கியம். உள் மூலையில் தொடங்கி ஷட்டரை நோக்கி வர வேண்டும். சுவரோரம் முதலில், நடு வழி கடைசியில். தண்ணீர் தெளித்துக் கூட்டும் வீட்டுப் பழக்கம் இங்கே உதவாது. அட்டி இருக்கிற குடோனுக்குள் தண்ணீரே கூடாது. வெளியே உள்ள லோடிங் மேடையை மட்டும் கழுவலாம், அதுவும் வெயில் நாளில், காய்ந்துவிடும் நேரத்தில்.

சிந்தலை என்ன செய்வது? இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். சிந்திய அரிசியைச் சலித்து நல்ல மூட்டையிலேயே கொட்டிவிடுவது வழக்கம். தரையிலிருந்து எடுத்தது எதுவும் நல்ல சரக்கோடு சேரக் கூடாது. “சிந்தல்” என்று எழுதிய தனி மூட்டையில் போட்டுக் கட்டி, ஷட்டர் ஓரமாகத் தனியே வையுங்கள். வாரக் கடைசியில் தீவனத்துக்குக் கொடுப்பதோ அப்புறப்படுத்துவதோ உங்கள் முடிவு, ஆனால் அடுத்த வாரத்துக்கு அது உள்ளே இருக்கக் கூடாது. சல்லடையில் மிஞ்சும் தூசியும் மாவும் மூடி போட்ட டிரம்முக்குள் போக வேண்டும். குடோன் வாசலிலேயே கொட்டினால் அதிலிருக்கும் வண்டு நடந்தே திரும்பி வரும்.

சிந்தல் அதிகமாக இருக்கிறதென்றால் கூட்டுகிறவரைத் திட்டிப் பயனில்லை. லோடுமேன் கொக்கி போடும் இடத்தைப் பாருங்கள். சாக்கின் நடுவில் கொக்கி இறங்கினால் ஒவ்வொரு மூட்டையும் வழி நெடுக ஒழுகும். அவர்களிடம் பக்குவமாகச் சொல்லி, பிளாஸ்டிக் பை மூட்டைகளுக்குக் கொக்கியே வேண்டாம் என்று பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. ஊசியும் சணலும் ஷட்டர் பக்கத்திலேயே தொங்கட்டும். கிழிந்த மூட்டையை அப்போதே தைத்துவிடலாம்.

4. வாரம் ஒருமுறை

அரிசி வண்டு முட்டையை அரிசிக்குள்ளேயே வைக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் புது வண்டு வெளியே வந்துவிடும். மாதம் ஒருமுறை பெரிய சுத்தம் என்று வைத்தால் எப்போதும் அதற்கு ஓர் அடி பின்னால்தான் இருப்போம். அதனால் வாரக் கணக்கு.

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் ஷீட்டின் அடிப்பக்கம், இரும்புச் சட்டங்கள், டியூப் லைட்டின் மேல்புறம். அப்புறம் ஜன்னல் வலை. பிறகு அட்டியின் தலைப்பகுதி, நாலு பக்கம். கடைசியில் பேலட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக் கூட்டல். ஒட்டடை அடிக்கும்போது அட்டி மேல் ஒரு பழைய தார்ப்பாயைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தரை, சுவர் வெடிப்புகளை விடாதீர்கள். தானியத்தைத் தின்னும் இன்னொரு பூச்சியான கப்ரா வண்டின் புழு வெடிப்புக்குள் ஒளிந்துகொண்டு இரை இல்லாமலே மாதக்கணக்கில், சில சமயம் வருடத்துக்கு மேலும், தாக்குப்பிடிக்கும். குடோனை முழுக்கக் காலி செய்து, நாலு மாதம் கழித்துப் புதுச் சரக்கு இறக்கியதும் எங்கிருந்தோ பூச்சி வருகிறதே என்று திகைப்பார்கள். வெடிப்பைக் கம்பியால் சுரண்டி, தூசியை உறிஞ்சி எடுத்து, சிமெண்ட் வைத்து மூடுவதுதான் வழி. தரையும் சுவரும் சேரும் மூலையைச் சரிவாகப் பூசிவிட்டால் அங்கே தூசி தங்காது.

காலிச் சாக்குகளை நல்ல சரக்கு இருக்கும் குடோனில் வைக்காதீர்கள். தையல் ஓரத்தில் வண்டு இருக்கும். நல்ல வெயிலில் உதறிக் காயப்போட்டு, வேறு அறையில் அடுக்குங்கள்.

5. பூச்சி மருந்து விளக்குமாற்றுக்கு அப்புறம்

மருந்து அடிக்கும் முன் பூச்சி இருக்கிறதா என்று தெரிய வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி ஒன்று உண்டு. தானியத்துக்குள் செருகி வைத்தால் நகரும் வண்டு துளை வழியாக உள்ளே விழுந்து, அடியில் உள்ள குப்பியில் சேர்ந்துவிடும். வெறும் கண்ணால் பார்ப்பதைவிட முன்கூட்டியே தெரிந்துவிடும். ஈரப்பதமானி ஒன்றும் வேண்டும். சரக்கு இறங்கும்போதே பாருங்கள். அரிசிக்கு 14 சதவீதம்தான் பொதுவாக வைக்கும் எல்லை. அதைத் தாண்டிய லோடை உள்ளே எடுத்துவிட்டு அப்புறம் எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை.

சுவர், தரை, நடைவழிக்கு மாலத்தியான் 50 சதவீத மருந்தை ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர் சேர்த்து, 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் கரைசல் என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிப்பது வழக்கமான முறை. டப்பாவின் மேல் உள்ள விவரத்தைப் படித்துவிட்டே கலக்குங்கள். தானியத்தின் மேல் நேராகப் படக் கூடாது. தூசி படிந்த தரையில் அடித்தால் மருந்து தூசியில் ஒட்டி, அடுத்த நாள் கூட்டலில் குப்பைக்குப் போய்விடும். எப்போதும் கூட்டிவிட்டு அடியுங்கள். “முன்னெல்லாம் நூவான் அடிப்போம்” என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதிலுள்ள டைக்ளோர்வாஸ் இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டது. எங்காவது மிச்சம் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டுத் தார்ப்பாயால் மூடும் புகைமூட்டத்தை நீங்களே செய்யக் கூடாது. அதைப் பொதுமக்களுக்கு விற்க அனுமதியில்லை. உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். காற்றின் ஈரம் பட்டதும் அந்த மாத்திரையிலிருந்து பாஸ்பீன் வாயு வரும். வாசனையை நம்பி ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மூடியிருக்கும் நாட்களில் யாரும் உள்ளே படுக்கக் கூடாது, குடோனை ஒட்டிய அறையில் வாட்ச்மேன் தூங்கவும் கூடாது. உங்கள் வேலை மூன்று: அவர்கள் வரும் முன் மூலை முடுக்கெல்லாம் கூட்டி வைப்பது, மூடிய தார்ப்பாயின் ஓரமெல்லாம் மணல் பையால் அழுந்தியிருக்கிறதா என்று பார்ப்பது, சொன்ன நாள் வரை (வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள்) அவசரப்படாமல் இருப்பது. கசிந்த மூடாக்கில் பிழைத்த வண்டுகளின் சந்ததிக்கு அடுத்த முறை அதே மருந்து சரியாக வேலை செய்யாது. கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக் தராசு ஏதாவது உள்ளே இருந்தால் முன்பே வெளியே எடுங்கள், அந்த வாயு செம்பை அரிக்கும்.

6. எலி, புறா

சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஷட்டருக்கு அடியில் பென்சில் நுழைந்தால் எலியும் நுழையும் என்று வைத்துக்கொண்டு ரப்பர் பட்டி அடித்துவிடுங்கள். துளைகளை இரும்பு நார் திணித்து, மேலே சிமெண்ட் பூசி அடைக்க வேண்டும். வடிகால் வாய்க்கு வலை. உள்ளே கூண்டும் பொறியும் மட்டும் வையுங்கள், விஷக் கட்டியெல்லாம் வெளிச்சுவர் ஓரமாகப் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

எலிப் புழுக்கையை உலர்ந்தபடியே கூட்டாதீர்கள். கையுறை, மாஸ்க் போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்துச் சற்று நேரம் ஊறவிட்டு, துணியால் அள்ளி எடுங்கள். சுத்தம் செய்யும்போது ‘உள்ளே தண்ணீர் கூடாது’ என்பதற்கு இது ஒன்றுதான் விலக்கு. எலிக்காய்ச்சல் அதன் சிறுநீர் வழியாகப் பரவுவது, காலில் புண் உள்ள லோடுமேன் வெறுங்காலோடு நடப்பது ஆபத்து. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். புறாவுக்கு வலைதான், வேறு வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.

7. கூரை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். கூரை வேலை செப்டம்பர் முடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும். ஓட்டை கண்டுபிடிக்கச் சுலபமான வழி: உச்சி வெயிலில் ஷட்டர், ஜன்னல் எல்லாம் மூடி, லைட்டை அணைத்துவிட்டு உள்ளே நில்லுங்கள். ஷீட்டில் எங்கெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறியுங்கள். பெரும்பாலும் ஷீட்டைவிட போல்ட்டின் வாஷர்தான் போயிருக்கும்.

மேலே ஏறுவதற்கு உங்கள் ஆளை அனுப்பாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும், வெளிச்சத்துக்காக வைத்த பைபர் ஷீட்டும் ஆள் எடையைத் தாங்காது, கால் வைத்ததும் உடைந்து நேராகக் கீழே விழுவார்கள். பலகை, கயிறு, பெல்ட்டோடு வரும் கூரை வேலைக்காரருக்குக் கொடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸை உலர்வாகத் தேய்ப்பதும் துளைப்பதும் வேண்டாம், அந்த நார் நுரையீரலுக்குக் கேடு. கூரை ஓரத்து மழைநீர் வடிகாலில் சேரும் இலைதழையை மழை முடியும் வரை வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும். மழை நாட்களில் ஜன்னலை மூடி, வெளிக்காற்று காய்ந்த வெயில் நேரத்தில் மட்டும் திறங்கள்.

8. மின்சாரம், தீ, ரிஜிஸ்டர்

லைட்டும் வயரும் நடைவழிக்கு மேலே போக வேண்டும், அட்டிக்கு மேலே அல்ல. சுவிட்ச் போர்டு முன்னால் மூட்டை கூடாது. தீயணைப்பு சிலிண்டரின் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அதன் முன்னாலும் மூட்டை கூடாது, ஆனால் முதலில் மூட்டை வைப்பதே அங்கேதான்.

ஒரு நோட்டு போதும்: தேதி, என்ன கூட்டினோம், பொறியில் எத்தனை பூச்சி, என்ன மருந்து, யார் அடித்தது, கையெழுத்து. உணவுப் பொருள் சேமிப்புக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் எடுத்திருப்பீர்கள், ஆய்வுக்கு வருபவர்கள் கேட்பது இந்த நோட்டைத்தான். பொறியில் பூச்சி எண்ணிக்கை இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால், எந்த அட்டி, எந்த லோடு என்று நோட்டைப் புரட்டிப் பார்த்து, அந்த அட்டியை முதலில் விற்றனுப்புங்கள் அல்லது புகைமூட்டத்துக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.