சரவாங்கி மாத்திரை: வாரத்துக்கு ஒரே நாள்

காலையில் ரவிக்கை ஊக்கை மாட்ட விரல் மடங்கவில்லை, குழாயைத் திருக முடியவில்லை, ஒரு மணி நேரம் போன பிறகுதான் கை இளகுகிறது. இரண்டு கையிலும் விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன. ஆறு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால் தேய்மானம் என்று விட்டுவிடாதீர்கள். சரவாங்கி என்கிற முடக்கு வாதமாக இருக்கலாம். இதற்கான ஆர்.ஏ. ஃபேக்டர் என்கிற இரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது, ருமட்டாலஜிஸ்ட்டைப் (மூட்டுவாத நிபுணரை) பாருங்கள்.

நம் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதுதான் இந்த நோய். வலி மாத்திரை வலியை அடக்கும், எலும்பு அரிபடுவதை நிறுத்தாது. அதைத் தடுக்கப் பெரும்பாலும் முதலில் தருவது மெத்தோட்ரெக்சேட். மலிவான, நல்ல மருந்து. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே போட வேண்டியது. 1-0-1 சீட்டு பார்த்துப் பழகிய நாம் இதையும் தினமும் போட்டுவிடுகிறோம். சில நாளிலேயே வாயெல்லாம் வெந்து புண்ணாகும், எலும்பு மஜ்ஜை அணுக்களை உண்டாக்குவதை நிறுத்தும், உயிரே போகலாம்.

அதனால் சீட்டில் கிழமையை முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டி மேல் ‘ஞாயிறு மட்டும்’ என்று மார்க்கரால் எழுதி, போட்டதும் காலண்டரில் குறியுங்கள். அளவை மாத்திரை எண்ணிக்கையில் நினைவு வைக்காதீர்கள், மில்லிகிராமில் வையுங்கள். 2.5, 5, 7.5, 10, 15 என்று பல அளவில் வருவதால், கடையில் வேறு அட்டை தந்தால் ‘மூணு மாத்திரை’ என்பது வேறு கணக்காகிவிடும். பொதுவாக வாரம் 7.5 முதல் 15 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 25 வரை ஏற்றுவார்கள்.

கூடவே ஃபோலிக் ஆசிட், பெரும்பாலும் 5 மி.கி., வேறொரு நாளில். வாய்ப்புண், குமட்டலைக் குறைக்கும். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகளாகவே இருப்பதுண்டு. ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரமே ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். இடையில் சமாளிக்கத் தரும் ஸ்டீராய்டை நீங்களாக நீட்டிக்கவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால் ஊசியாக மாற்றலாமா என்று கேளுங்கள்.

முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை, பிறகு 8 முதல் 12 வாரத்துக்கு ஒரு முறை இரத்த அணு, கல்லீரல், கிரியேட்டினின் (சிறுநீரகம்) பரிசோதனை. வலி இல்லை என்பதற்காக இதைத் தள்ளிப்போடக் கூடாது. மது வேண்டாம். சளி, சிறுநீர்த் தொற்றுக்குப் போனால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். கோட்ரைமாக்சசோல் என்கிற ஆன்டிபயாடிக் இதோடு சேர்ந்தால் ஆபத்து. கருத்தரிக்க நினைக்கும் பெண் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று மாதம் முன்பே நிறுத்துவது வழக்கம். அதுவரை கருத்தடை அவசியம். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற மாற்று உண்டு.

ஒரு வாரம் மறந்தால் இரண்டு நாளுக்குள் போடலாம். அதற்கு மேல் விட்டுவிட்டு அடுத்த வாரம் வழக்கமான அளவே. காய்ச்சல், தொண்டைப்புண், ஈறில் இரத்தம், வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த டோஸைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். தவறி தினமும் போட்டுவிட்டால், நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அட்டையை எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு. அங்கே தருவது ஃபோலினிக் ஆசிட். வீட்டிலுள்ள ஃபோலிக் ஆசிட் அதற்கு ஈடாகாது.