கடல்நீர்த் தொட்டியில் ராட்சத மட்டி வளர்க்கிறீர்களா?

முதல் மட்டிக்கு டெரசா வகையை வாங்குங்கள். மேக்ஸிமா, குரோசியா வகைகள் நிறத்தில் ஆளை மயக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் வாடிவிடும். மட்டிக்குச் சோறு போடுவது அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசிதான், அதற்கு வெளிச்சம் வேண்டும். பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மேக்ஸிமா அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர்.

தொட்டித் தண்ணீரில் கால்சியம் 400–450 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), காரத்தன்மை 8–9 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), வெப்பம் 25–26 டிகிரி செல்சியஸ். நைட்ரேட்டைப் பூஜ்ஜியமாக்க நினைக்காதீர்கள், 5 பிபிஎம் இருக்கட்டும்.

இடம் மாற்றுவதில்தான் நான் சறுக்கினேன். மட்டி அடியில் நூல்நூலாகச் சுரந்து பாறையைப் பிடித்திருந்தது, வெடுக்கென்று இழுத்தேன். மட்டியின் கால் கிழிந்து, நான்கே நாளில் செத்துப்போனது. இப்போதெல்லாம் சின்னக் கல்மேல் உட்கார வைக்கிறேன், கல்லோடு தூக்கிவிடலாம்.

இரவில் டார்ச் அடித்து ஓட்டின் விளிம்பைப் பாருங்கள். அரிசிமணியைவிடச் சிறிய வெள்ளை நத்தைகள் தெரிந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். அந்த நத்தைகளின் முட்டைகள் மட்டி ஓட்டின் மடிப்புகளில் பசைபோல ஒட்டியிருக்கும், அதையும் விடாதீர்கள். கை நிழல் பட்டதும் சட்டென்று மூடிக்கொண்டால் மட்டி நலம். வாய்த்துளை அகலமாகப் பிளந்தே கிடந்தால் அன்றே தண்ணீரைச் சோதியுங்கள்.