டெய்சி ட்ரூப் கூட்டம் நடத்துவது எப்படி: வலது கையில் ஒரு ஸ்டிக்கரிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்கச் சிறுமிகளுக்கான கேர்ள் ஸ்கவுட் அமைப்பில் ஒரு ட்ரூப்புக்கு, அதாவது ஒரு குழுவுக்கு, லீடராகப் பெயர் கொடுத்து, பின்னணிச் சோதனை முடிந்து, உங்கள் பகுதிக்கான கிளை அமைப்பான கவுன்சில் நடத்தும் பயிற்சியையும் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதுவரைக்கும் கவுன்சிலே கைபிடித்துக் கூட்டிப்போகும். அதற்குப் பிறகுதான் சிக்கல். கிண்டர்கார்டனும் முதல் வகுப்பும் படிக்கும் 12 சிறுமிகள் பள்ளி விட்ட களைப்போடு ஓர் அறைக்குள் ஓடி வருவார்கள். அடுத்த 60 நிமிடம் உங்கள் பொறுப்பு. இந்த வயதுச் சிறுமிகளுக்குத்தான் டெய்சிகள் என்று பெயர். கீழே உள்ளதெல்லாம் அவர்களுக்கு. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிரவுனிகள் என்றால் கைவேலைக்கு இன்னும் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தலைக்கணக்கு

கூட்டத்துக்கு 12 டெய்சிகள் வரை 2 பெரியவர்கள் போதும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 பேர் வரைக்கும் இன்னொருவர். இந்த முதல் இருவரும் ஒருவருக்கொருவர் உறவாக இருக்கக் கூடாது, ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கணவனும் மனைவியுமாக நின்றால் அந்த இருவர் கணக்கு நிறைவேறாது. பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்.

வெளியே கிளம்பினால் கணக்கே வேறு. முதல் 6 பேருக்கு 2 பெரியவர்கள், பிறகு ஒவ்வொரு 4 பேருக்கும் ஒருவர். கூட்டத்தில் இரண்டு பேர் சமாளித்த அதே 12 பேரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக 4 பேர் வேண்டும். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவை இந்த நான்கில் சேர்க்காதீர்கள். அவர் கண் அந்தக் குழந்தை மேல்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

60 நிமிடத்தைப் பிரிப்பது

வந்து சேர 10, தொடக்க வட்டம் 8, வேலைப் பங்கீடும் அறிவிப்பும் 4, கைவேலை அல்லது விளையாட்டு 20, தின்பண்டம் 8, சுத்தம் செய்ய 5, விடைபெறும் வட்டம் 5. சுத்தம் செய்ய 5 நிமிடம் எதற்கு, நாமே செய்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு தடவை நீங்கள் குனிந்து காகிதம் பொறுக்கினால் வருடம் முழுக்க நீங்கள்தான் பொறுக்குவீர்கள்.

முதல் 10 நிமிடத்தில் யாரும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. எல்லாரும் வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தால், முதலில் வந்த நான்கு பேர் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்துவிடுவார்கள். கடைசி ஆள் வரும்போது அந்த ஓட்டத்தை நிறுத்துவதற்கே இன்னொரு 10 நிமிடம் போகும். வண்ணம் தீட்டும் தாள், கட்டைகள், களிமண் எதுவானாலும் சரி. எப்போது வந்தாலும் சேர்ந்துகொள்ளலாம், எந்த நொடியிலும் நிறுத்தலாம் என்ற வகையில் இருக்க வேண்டும். முடித்தே ஆக வேண்டிய வேலையை இந்த நேரத்தில் கொடுத்தால், "இன்னும் முடியலை" என்று ஒரு குழந்தையாவது அழும்.

ஸ்டிக்கர்

கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய பகுதி இது. டெய்சி கூட்டத்தின் சடங்குகள் எல்லாமே வலது கையில் நடக்கின்றன. உறுதிமொழி சொல்ல வலது கையை உயர்த்தி, கட்டைவிரலால் சுண்டுவிரலை அழுத்திப் பிடித்து, நடு மூன்று விரல்களை நிமிர்த்த வேண்டும். எல்லாரும் பேச்சை நிறுத்தக் கை தூக்கிக் காட்டும் அமைதிக் குறிக்கும் வலது கைதான். கூட்டம் முடியும்போது கைகோத்து நிற்கும் நட்பு வட்டத்தில் வலது கை இடது கையின் மேல் குறுக்காக வர வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு எது வலது என்று அடிக்கடி மறந்துபோகும். அதனால் வரவேற்கும்போதே ஒவ்வொருவரின் வலது புறங்கையிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். பிறகு "வலது கை" என்ற சொல்லே வேண்டாம், "ஸ்டிக்கர் கை" போதும்.

இவ்வளவு செய்தும் பாதிப் பேர் இடது கையைத் தூக்குவார்கள். காரணம் நீங்கள்தான். எதிரே நின்று உங்கள் வலது கையைத் தூக்கினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல அவர்கள் இடது கையைத் தூக்குவார்கள். ஒன்று, நீங்களும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வட்டத்துக்குள்ளேயே ஓர் ஆளாக நில்லுங்கள். அல்லது எதிரே நிற்கும்போது வேண்டுமென்றே இடது கையைத் தூக்குங்கள். வட்டத்தில் நிற்பதே நல்லது. எதிரே நின்று பேசினாலே அது வகுப்பறையாகிவிடும்.

சுண்டுவிரலைக் கட்டைவிரலால் பிடிப்பது சிலருக்கு உண்மையிலேயே வராது. இன்னொரு கையால் மடக்கிப் பிடித்துக்கொள்ளட்டும், திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். உறுதிமொழியைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துத் திருப்பிச் சொல்ல வையுங்கள். அதில் "கடவுள்" என்று வரும் இடத்தில் அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ற சொல்லைப் போட்டுக்கொள்ள 1993 முதலே அனுமதி உண்டு. பெற்றோர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேர்ள் ஸ்கவுட் சட்டத்தின் பத்து வரிகளையும் முதல் நாளே ஒப்பிக்க வைப்பது வீண் வேலை. வரிக்கு ஒன்றாக, சீருடை வெஸ்ட்டில் பூவைப்போல அடுக்கித் தைக்கும் பேட்ஜ்கள்தான் இதழ்கள். எந்த இதழுக்கான வேலை நடக்கிறதோ அந்த வரியை மட்டும் அன்றைக்குச் சொன்னால் போதும்.

பிறகு சேர்த்தது: குளிர்காலத்தில் நீளக் கை ஸ்வெட்டர் ஸ்டிக்கரை மறைத்துவிடும், தின்பண்டத்துக்கு முன் கை கழுவினால் உரிந்தும் போகும். பசை ஒத்துக்கொள்ளாத தோலும் உண்டு. கழுவினால் போகும் மார்க்கரில் சின்ன நட்சத்திரம் வரைந்துவிட்டு, கை கழுவிய பிறகு இன்னொரு முறை வரையலாம். ஸ்வெட்டர் என்றால் கையின் நுனியில் ஒரு துணிக் கிளிப்.

கேப்பர் சார்ட்

கேப்பர் என்றால் ட்ரூப்பில் முறைவைத்துச் செய்யும் சின்ன வேலை. 12 பேருக்கு 6 வேலை, ஜோடி ஜோடியாக: கொடி பிடிப்பது, உறுதிமொழியைத் தொடங்கிவைப்பது, வருகைத் தாளில் ஸ்டிக்கர் ஒட்டுவது, தின்பண்டம் பரிமாறுவது, குப்பைப் பை பிடிப்பது, நட்பு வட்டத்தைத் தொடங்குவது. பலருக்குப் படிக்க வராது என்பதால் ஒவ்வொரு வேலைக்கும் படம் வரையுங்கள்.

சுழலும் சக்கரம் செய்யச் சொல்லி நிறையப் படங்கள் கிடைக்கும். பார்க்க அழகுதான், ஆனால் இரண்டு பேர் லீவு போட்டால் மொத்தச் சக்கரமும் குழம்பிவிடும். ஒரு தடித்த அட்டை, பெயர் எழுதிய 12 துணிக் கிளிப்புகள், அவ்வளவுதான். ஒவ்வொரு கூட்டத்திலும் கிளிப்புகள் ஒரு படி கீழே இறங்கும். வராதவரின் கிளிப் அட்டையின் பின்பக்கம் போகும், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலேயே மாட்டுங்கள். "போன தடவை கொடி என் முறை" என்ற வழக்கு இதோடு தீரும்.

கைவேலை: சிட்-அபான்

வெளியில் தரையில் போட்டு உட்காரும் சின்ன மெத்தை. முதல் கூட்டத்துக்கு வேண்டாம், மூன்றாவது நான்காவதில் செய்யுங்கள். ஒரே கூட்டத்தில் முடியாது, இரண்டுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

துணி ஒட்டிய வினைல் மேசை விரிப்பை 14-க்கு 28 அங்குலமாக வெட்டி, வினைல் வெளியே வர 14-க்கு 14 ஆக மடியுங்கள். 52-க்கு 90 அங்குல விரிப்பில் 9 துண்டு தேறும். 12 பேருக்கு இரண்டு விரிப்பு வாங்கிவிட்டால் மிச்சம் ஒத்திகைக்கு ஆகும். உள்ளே வைக்க 12-க்கு 12 அங்குல ஃபோம். செய்தித்தாளும் வைக்கலாம், ஆனால் சீக்கிரம் தட்டையாகிவிடும். பபிள் ராப் வேண்டவே வேண்டாம். தைப்பதை விட்டுவிட்டு எல்லாரும் அதன் மேல் குதிப்பார்கள்.

திறந்திருக்கும் மூன்று பக்கங்களிலும், ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே, 2 அங்குல இடைவெளியில் துளை போடுங்கள். மூலையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தொடங்கினால் பக்கத்துக்கு 7, மெத்தைக்கு 21, ட்ரூப்புக்கு 252. இதைக் குழந்தைகளிடம் விடாதீர்கள், முதல் நாள் இரவே பெரியவர்கள் உட்கார்ந்து முடியுங்கள். காகிதத் துளைக் கருவி மெல்லிய வினைலை வெட்டாமல் கடித்து இழுக்கும். வினைலின் மேலும் கீழும் ஒரு காகிதத்தை வைத்துத் துளைத்தால் சுத்தமாக விழும். இரண்டு மடிப்பையும் சேர்த்தே துளைக்க வேண்டும். தனித்தனியாகத் துளைத்தால் ஒன்றோடொன்று பொருந்தாது.

நூல்தான் அடுத்த பொறி. மூன்று பக்கத்துக்கும் சேர்த்து ஒரே நீள நூலைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சிக்கலாகி, உங்கள் முன் வரிசை நிற்கும். தடித்த உல்லன் நூலை 36 அங்குலத் துண்டுகளாக, ஆளுக்கு மூன்று, பக்கத்துக்கு ஒன்று. ஒரு முனையில் டேப் சுற்றி ஷூ கயிறு நுனிபோல விறைப்பாக்குங்கள். மறுமுனையை முதல் துளையில் நீங்களே முடிந்துவிடுங்கள். இரண்டு பக்கம் தைத்த பிறகு ஃபோமைச் செருகி, மடிப்பு நகராமல் கிளிப் போட்டு, மூன்றாவது பக்கத்தைத் தைக்க வேண்டும். ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் தையலே போதும். தையல் கோணலாக வந்தால் வரட்டும். வீட்டுக்குப் போய்ப் பிரித்துச் சரிசெய்யும் பெற்றோரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வேறு கைவேலைக்கும் ஒரு விதி: திரவப் பசை கூடாது. 20 நிமிடத்தில் காயாது, காருக்குள் போய்த்தான் காயும். இருபக்க டேப்தான் இங்கே ராஜா. கத்தரிக்கோல்களில் ஒன்றாவது இடது கைக்காரருக்கானதாக இருக்கட்டும்.

அவர்களே தேர்ந்தெடுக்க

"அடுத்த வாரம் என்ன செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் குதிரை, நீச்சல்குளம், யூனிகார்ன் என்று வரும். உங்களால் நடத்த முடிந்த இரண்டை மட்டும் முன்வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கச் சொல்லுங்கள். கண் திறந்திருந்தால் எல்லாரும் தோழியைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள்.

தின்பண்டம்

உள்ளடக்கம் அச்சிட்ட உறையோடு வருவது மட்டும். அலர்ஜிப் பட்டியலை உங்கள் போனில் மட்டும் வைத்திருந்தால் போதாது. பரிமாறும் பெற்றோர் கையிலும் ஒரு தாள் இருக்க வேண்டும்.

விடைபெறும் வட்டம்

ஸ்டிக்கர் கை மேலே, இரு பக்கமும் கைகோத்து வட்டம். தொடங்கும் ஆள் ஒரு கையை லேசாக அழுத்துவார், அந்த அழுத்தம் சுற்றி வர வேண்டும். டெய்சிகளிடம் அது பாதியில் காணாமல் போகும். அழுத்தம் கிடைத்தவர் அதை அடுத்தவருக்குக் கடத்தாமல், கொடுத்தவருக்கே திருப்பி அழுத்திவிடுவார், அல்லது இரண்டு கையையும் சேர்த்து அழுத்துவார். கிடைத்ததும் ஒரு காலை முன்னே வைக்கச் சொல்லுங்கள். எங்கே நின்றுபோனது என்று கண்ணுக்குத் தெரியும், அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். வட்டம் முடிந்ததும் யாரும் கதவுக்கு ஓடக் கூடாது. கூட்டிப்போக வந்தவர் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகே ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டும்.

பின்சேர்க்கை: இதழ்கள் ஏன் விழுகின்றன

பலரும் கேட்பது இது. அயர்ன் பண்ணி ஒட்டும் பசையை மட்டும் நம்பினால் சில சலவைகளிலேயே ஓரம் தூக்கிக்கொள்ளும். சூட்டைக் கூட்டினால் வெஸ்ட்டின் செயற்கைத் துணி பளபளத்துச் சுருங்கும். பேட்ஜ் மேஜிக் போன்ற ஒட்டுத்தாள் வேகமான வழி, ஆனால் தவறான இடத்தில் ஒட்டிவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. கையால் ஓரத்தில் நாலு தையல் போடுவதுதான் நிலைக்கும். எப்படிச் செய்தாலும் முதலில் நடுவிலுள்ள நீல வட்டத்தை வையுங்கள். பத்து இதழ்களின் இடத்தையும் காகிதத்தில் வெட்டி அடுக்கிப் பார்த்து, சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். இதழ்கள் ஒவ்வொன்றாகத்தான் கிடைக்கும். குறிக்காமல் தைத்துக்கொண்டே போனால் ஒன்பதாவதோடு வட்டம் நிறைந்துவிடும்.