வெளியூர் போகும் கடைசல்காரருக்கு: ஆளும் கட்டையும் கிடைக்கும் வழி

பயணத்தில் நல்ல கட்டை கிடைக்க வேண்டுமா? முதலில், லேத் இயந்திரத்தில் மரத்தைச் சுழற்றி உளியால் கடையும் அந்த ஊர்க் கடைசல்காரர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். போன வாரக் காற்றில் எந்த மரம் விழுந்தது, எந்த மரவாடியில் துண்டுக்கட்டைகளை ஒதுக்கி வைப்பார்கள், அந்தப் பக்கத்து மரங்களில் எது காயும்போது பிளக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தனியாக அலைந்தால் மூன்று நாளில் தெரியவருவதை அவர் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

ஆளைத் தேட எளிய வழி கடைசல்காரர் சங்கங்கள். 1986-ல் தொடங்கிய அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் வுட்டர்னர்ஸ் அமைப்புக்கு ஊர் ஊராகக் கிளைகள் இருக்கின்றன. பிரிட்டனில் அசோசியேஷன் ஆஃப் வுட்டர்னர்ஸ் ஆஃப் கிரேட் பிரிட்டன், அயர்லாந்தில் ஐரிஷ் வுட்டர்னர்ஸ் கில்ட், பிரான்சில் அஃப்தாப். கிளைக் கூட்டம் பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கூட்ட நாளைப் பார்த்துவிடுங்கள். ஒரு நாள் தள்ளிக் கிளம்பினால் கூட்டம் கிடைக்கும் என்றால் தள்ளுவதில் தவறே இல்லை. பல கூட்டங்களில் உறுப்பினர்கள் கொண்டுவந்த கட்டைகளுக்குக் குலுக்கலோ ஏலமோ இருக்கும். விருந்தாளிக்கும் ஒரு துண்டு வந்து சேரலாம்.

சங்கம் இல்லாத ஊரில் சாணை பிடிப்பவரிடம் கேளுங்கள். கடைசல் உளி யார் கொண்டுவருகிறார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண், இசைக்கருவி, மரப்பொம்மை செய்யும் பட்டறைகளும் நல்ல வாசல்கள். மரம் அறுக்கும் மில்லில், "இங்கே லேத்துக்குக் கட்டை வாங்குகிறவர் யார்?" என்று கேட்டால் பெயரோடு வழியும் சொல்வார்கள்.

மூன்று நான்கு வாரம் முன்பே சுருக்கமாக எழுதுங்கள். இந்த அளவு போதும்:

"வணக்கம். நான் மரக்கடைசல் செய்பவன்; பெரும்பாலும் கிண்ணங்கள். அடுத்த மாதம் 12 முதல் 15 வரை உங்கள் ஊரில் இருப்பேன். உங்களுக்கு வசதிப்படும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் பட்டறையைப் பார்க்க வரலாமா? நான் செய்த இரண்டு பொருள்களின் படம் இணைத்திருக்கிறேன்."

இதில் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் கடிதத்திலேயே மரம் கேட்டால், வருகிறவர் மரத்துக்குத்தான் வருகிறார் என்றாகிவிடும். போகும்போது நீங்கள் கடைந்த சின்னப் பம்பரம் ஒன்றைக் கொண்டுபோங்கள். 30 கிராம்கூட இருக்காது. ஆனால் உங்கள் உளி எவ்வளவு சுத்தமாக வெட்டுகிறது என்பதை அது சொல்லிவிடும்.

பட்டறையில் கண்ணாடியும் மூடிய காலணியும் உங்களுடையதாக இருக்கட்டும். லேத் ஓடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கட்டை கழன்றால் பறப்பது நேர்முன்னேதான். அவருடைய உளியை நீங்களாகச் சாணையில் வைக்காதீர்கள். ஒவ்வொருவரும் தன் கோணத்துக்குச் சாணையை அமைத்து வைத்திருப்பார். ஒரு முறை மாறினால் பழைய முனையை மீட்க நிறைய எஃகு தேய வேண்டும். உளி இரவல் கேட்கும்போது உளியின் எஃகுக் கம்பியின் விட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்காவில் அரை அங்குலக் கிண்ண உளி என்றால் கம்பி அரை அங்குலம். பிரிட்டனில் அளவு கம்பியில் குடைந்த பள்ளத்தைக் குறிக்கும் என்பதால் அதே உளி அங்கே 3/8 அங்குலம்.

லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் உங்கள் சக் (chuck) கருவியைத் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் வீண். சக் ஏறும் சுழல்தண்டு வட அமெரிக்க லேத்களில் 1 அங்குலம் அல்லது 1¼ அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை என்பது வழக்கம். ஐரோப்பாவில் பல லேத்களில் 33 மில்லிமீட்டர் விட்டம், 3.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி. ஒன்று மற்றதில் ஏறாது. எடுத்துப்போவதானால் இரண்டு உளியும் விட்டம் அளக்கும் ஒரு காலிப்பரும் போதும். விமானத்தில் உளி சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். முனைக்கு ஒரு தக்கை செருகித் துணியில் சுற்றுங்கள்.

இனி கட்டை. சாலையோர மரங்களையும் வீட்டு மரங்களையும் வெட்டும் ஆட்களிடம்தான் நல்ல ஈரக்கட்டை இருக்கும். வெட்டியதை அப்புறப்படுத்துவது அவர்களுக்குச் செலவு என்பதால் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் வேலை நடுவே மரத்தடிக்குப் போய் நிற்காதீர்கள். இடைவேளையில் போய், வேண்டிய நீளத்தைச் சொல்லுங்கள். 20 சென்டிமீட்டர் கிண்ணத்துக்கு 30 சென்டிமீட்டர் நீளத் துண்டு வேண்டும். இரண்டு முனையிலும் ஐந்து ஐந்து சென்டிமீட்டர் வெடித்து வீணாகும் என்று கணக்கு. கீழே கிடக்கும் மரமும் யாரோ ஒருவருடையதுதான்: கேட்காமல் எடுக்க வேண்டாம். காப்புக்காட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

துண்டின் வெட்டுமுகத்தைக் குனிந்து பாருங்கள். வளையங்களின் நடுப்புள்ளி ஓரமாக ஒதுங்கியிருந்தால் அது சாய்ந்து வளர்ந்த மரம், காயும்போது கோணும். வைரம் பாய்ந்த பகுதியில் நீலக்கறுப்பாக மை கொட்டியதுபோல் ஒரு கறை, இழையோடு நீண்டு தெரிகிறதா? உள்ளே ஆணி இருக்கிறது. இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்தால் இந்த நிறம் வரும். கறை முடியும் இடம்வரை காந்தம் வைத்துத் தேடுங்கள். வேலி, விளம்பரப் பலகை அடித்த சாலையோர மரங்களில் இது சாதாரணம். பழைய சரக்குப் பலகைகளில் எச்.டி. (HT) என்ற முத்திரை வெப்பத்தால் பதப்படுத்தியது; எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகையூட்டியது, அதைத் தொடாதீர்கள். அரளி விஷம், கட்டையாகக்கூட எடுக்க வேண்டாம்.

கிடைத்த ஈரக்கட்டையை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். நடுப்புள்ளி வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுங்கள். வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கம் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. முழு உருளை வெடிக்காமல் வேறென்ன செய்யும்? பிறகு இரண்டு முனையிலும் மெழுகுக் கரைசல் பூசுங்கள். அது இல்லாத இடத்தில் மரப்பசையோ பெயிண்டோ இரண்டு பூச்சு. பாலித்தீனில் இறுக்கிச் சுற்றினால் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் பூஞ்சை பிடிக்கும்.

எடையைப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் விட்டம், 8 சென்டிமீட்டர் கனமுள்ள ஈர வட்டு இரண்டரைக் கிலோ வரும். அதையே நண்பரின் லேத்தில் முரட்டுக் கடைசலாக, அதாவது தடித்த கிண்ண வடிவமாகக் கடைந்து, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 சென்டிமீட்டர் சுவர் வைத்தால் ஒரு கிலோ அளவுக்கு வந்துவிடும். வெடிப்பும் குறையும். சீவலைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வாருங்கள். இடம் குறைவென்றால் பேனா கடைவதற்கான கட்டைகள்: 2 சென்டிமீட்டர் சதுரம், 13 சென்டிமீட்டர் நீளம், காய்ந்தது ஒன்று 40 கிராம்.

எல்லை தாண்டுவதானால் சட்டம் பாருங்கள், இதில் சமரசமே கூடாது. ஆஷ் (ash) மரங்களைக் கொல்லும் மரகத வண்டு 2002-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஊர் ஊராகப் பரவியதில் மக்கள் எடுத்துச் சென்ற விறகுக்குப் பெரிய பங்கு. பட்டையோடு எதையும் கொண்டுபோகாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மரப்பொருளை இறங்கியதும் அறிவித்தாக வேண்டும். நீங்கள் போகும் நாட்டின் தாவரத் தனிமைப்படுத்தல் விதியில் தாவர சுகாதாரச் சான்று கேட்கிறார்களா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். ஈட்டி, ஆப்பிரிக்கக் கருமரம், கொக்கோபோலோ எல்லாம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அழியும் உயிரினங்களின் நாடு கடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதில் சொல்லும் 10 கிலோ விலக்கு செய்து முடித்த பொருளுக்கு. கடையாத கட்டைக்கு இல்லை.

வீடு வந்ததும் உறையைப் பிரித்து, மரத்தின் பெயர், ஊர், தேதி, எடை நான்கையும் கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். முரட்டுக் கிண்ணத்தைக் காகிதப் பையில் போட்டு நிழலில், தரையைத் தொடாமல் வையுங்கள். வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை எடை மாறாமல் நின்றால் லேத்தில் ஏற்றலாம்.